தாழிக்குள் தூங்கிய மறைசாட்சி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. ஒலிவக் கூடைகளை அங்கேயே போட்டுவிட்டு நிழலுக்குள் வந்து உட்காருங்கள். அவற்றை யாரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். அதற்குத் தைரியம் வேண்டும், நம் தகுர்பா ஊருக்கும் தைரியத்துக்கும் என்றைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்ட நமக்கு ஒரு புனிதர் எப்படிக் கிடைத்தார் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். நாம் சிரிக்காவிட்டால் பக்கத்து ஊர் மஸ்கிலாக்காரர்கள் நமக்காகச் சிரிப்பார்கள், அவர்கள் சிரிப்பில் இரக்கம் இருக்காது.

சக்கரவர்த்தியின் கட்டளை வந்த வருடம் அது. ஊரில் ஒவ்வொருவரும் சந்தைத் திடலுக்கு வந்து, பலிபீடத்து நெருப்பில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுப் பழைய தெய்வங்களைக் கும்பிட வேண்டும். மாட்டேன் என்கிற கிறிஸ்தவனுக்குச் சிறை, இல்லாவிட்டால் வாள். மஸ்கிலாவில் சிலர் மாட்டோம் என்றார்கள். அவர்கள் தலை போனது. ஊருக்கு மறைசாட்சிகள் கிடைத்தார்கள். இன்றைக்கும் அவர்கள் கல்லறையில் வருடா வருடம் திருவிழா, தேன் கலந்த திராட்சை ரசம், பாட்டு.

நம்மூரில் நடந்தது வேறு. அதிகாரியின் ஆட்கள் பலிபீடத்தைக் கழுதையிலிருந்து இறக்கும்போதே வரிசை கட்டி நின்றுவிட்டோம். முன்னால் நின்றவரை முழங்கையால் இடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. நடுவில் சாம்பிராணி தீர்ந்துபோனது. மிச்சம் பேர் நாளைக்கு வரலாம் என்று அதிகாரி கொட்டாவி விட்டபோது, வேண்டாம் வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிவந்து போட்டோம். கிறிஸ்தவர்களிடம் இத்தனை ஒத்துழைப்பை எந்த ஊரிலும் கண்டதில்லை என்று அந்த மனிதர் பாராட்டிவிட்டுப் போனாராம்.

நம் ஆயர் செகுந்தினுஸ் அப்போது ஊரில் இல்லை. முழங்கால் வலிக்குக் கடல்நீர் நல்லது என்று திருத்தொண்டர் கிரெஸ்கென்ஸையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். பிடிவாதமான வலி. கட்டளை எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாளும் இருந்தது.

பாரிக் என்று ஒருவன் இருந்தான். உருவத்தில் சிறியவன், எண்ணெய்ச் செக்கில் வேலை. தரையில் பாதி புதைத்த பெரிய தாழிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் இறங்கி அடியில் உறைந்த கசண்டைச் சுரண்டி எடுப்பான். பெரிய உடம்புக்காரர்கள் அந்த வாய்க்குள் நுழைய முடியாது. சாம்பிராணி நாளன்று காலையிலேயே ஒரு தாழிக்குள் இறங்கியவன், உள்ளே குளுகுளுவென்று இருக்கவும் சற்றுச் சாய்ந்தான். சாய்ந்தவன் தூங்கிவிட்டான். பொழுது சாயும்போது தாழியின் வாயில் ஒரு தலை தெரிந்தது. அவன் மனைவி முஸ்துலா.

“ஏறி வாங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்றாள்.

என்ன முடிந்தது என்று பாரிக் கேட்கவில்லை. அவனுக்குப் பசி. வீட்டுக்குப் போய், முஸ்துலா சீரகத்தைக் கருக வறுத்துப் போடும் கொண்டைக்கடலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடி படுத்தான்.

கொஞ்ச காலத்தில் சக்கரவர்த்தி மாறினார், கட்டளை மாறியது, ஆயரின் முழங்காலும் சரியானது. திரும்பி வந்தவர் சட்டத்தைச் சொன்னார். சாம்பிராணி போட்டவர்கள் விழுந்தவர்கள். அவர்கள் கோயிலுக்குள் வரக்கூடாது. கோணி உடுத்தி, தலையில் சாம்பல் பூசி, முற்றத்தில் நின்று அழ வேண்டும். விழாமல் உறுதியாக நின்ற ஒருவர் வந்து, கைப்பிடித்து, “சமாதானம்” என்று சொன்னால் மட்டும் உள்ளே வரலாம்.

முதல் ஞாயிறு கோயிலுக்குள் ஆயரும் கிரெஸ்கென்ஸும் இருந்தார்கள். ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. ஆயர் ஆசி சொன்னால் கிரெஸ்கென்ஸ் ஒற்றை ஆளாகப் பதில் சொன்னார். பாட்டுக்கும் அவரேதான். அவருக்குக் குரல் வராது, பாவம்.

ஆயர் வாசலுக்கு வந்து, விழாதவர் ஒருவராவது இந்த ஊரில் உண்டா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் பாரிக்கின் பக்கத்து வீட்டுக்காரி ரொகாத்தா வாயைத் திறந்தாள். புகார் சொல்வதாகத்தான் அவள் எண்ணம்.

“நாங்கல்லாம் வெயில்ல கால் கடுக்க நின்னோம் சாமி. இந்த பாரிக்க மட்டும் அன்னிக்கி வரிசையில நான் பாக்கவே இல்ல.”

எல்லோரும் நிற்கிறார்களே என்று தானும் கோணி உடுத்தி முற்றத்தில் நின்றுகொண்டிருந்த பாரிக்கை முன்னே தள்ளினார்கள்.

“சாம்பிராணி போட்டியாப்பா?” என்று கேட்டார் ஆயர்.

“இல்லீங்க சாமி.”

“ஏன் போடல?”

“தாழிக்குள்ள தூங்கிட்டேங்க.”

ஆயர் கிரெஸ்கென்ஸைப் பார்த்தார். கிரெஸ்கென்ஸ் கண்ணை மூடிச் சற்று யோசித்தார். பிறகு ஊருக்கு உரக்க அறிவித்தார்: “இருண்ட குழியினுள், அன்னம் தண்ணீர் இன்றி, ஆண்டவருக்குள் இளைப்பாறியிருந்தார்.” கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பாரிக்குக்கும் கலங்கியது, யாரோ பாவப்பட்ட மனிதரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தான்.

அன்றிலிருந்து அவன் பாரிக் இல்லை, புனிதர். செக்கு வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். கோயிலை ஒட்டிய அறையில் குடிவைத்தார்கள். உறுதி நின்றவர்களின் மணிக்கட்டில் சங்கிலித் தழும்பு இருக்கும், அதை முத்தமிடுவது எல்லா ஊரிலும் வழக்கம். நம் ஆட்களும் வரிசையாக வந்து குனிந்தார்கள். பாரிக்கின் மணிக்கட்டு எண்ணெய் மினுமினுப்போடு வழவழவென்று இருந்தது. மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். தழும்பு சங்கிலியால் வருவது, சங்கிலி கொல்லனிடம் கிடைப்பது, ஆகவே குறை தீர்க்கக்கூடியதே என்று கிரெஸ்கென்ஸ் விளக்கினார். கிணற்று வாளிச் சங்கிலியைக் கொண்டுவந்து கட்டினார்கள். தழும்பு வந்ததும் ஊர் பூரித்தது, சங்கிலியைக் கழற்ற விடவில்லை.

அவன் தூங்கிய தாழியை உடைத்து வீட்டுக்கு ஒரு சில்லாகப் பங்கு போட்டார்கள். எல்லா வீட்டுக்கும் கொடுத்த பிறகும் சில்லு தீரவில்லை. வெளியூருக்கும் போனது, தீரவில்லை. செக்குக்காரர் தன் மற்ற தாழிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்து கத்தினார். புனிதம் பெருகும் தன்மை உடையது என்று அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

மன்னிப்பு வேலையும் தொடங்கியது. பாரிக்குக்கு அதில் கஷ்டமே இல்லை. யார் வந்து கையை நீட்டினாலும் சமாதானம், சமாதானம் என்று சொல்லிக் கதவுக்குள் அனுப்பினான். முதலாளியை அனுப்பினான், தன்னைச் சின்ன வயதில் அடித்தவனை அனுப்பினான். ரொகாத்தா சற்றுக் கூச்சத்தோடு வந்தாள், அவளையும் அனுப்பினான். முற்றம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் முஸ்துலா நின்றாள். அவன் ஆசையாகக் கையை நீட்டினான். கிரெஸ்கென்ஸ் நடுவில் புகுந்துவிட்டார்.

சொந்தக்காரருக்குப் புனிதர் மன்னிப்புத் தரக்கூடாதாம். பாரபட்சம் என்று மஸ்கிலாக்காரர்கள் பேசுவார்களாம். அப்படியானால் வேறு யாராவது தரட்டும் என்றான் பாரிக். வேறு உறுதி நின்றவர் ஊரில் இல்லையே என்றார் ஆயர், நியாயமாகத்தான். சரி சாமி, வீட்டுக்காவது போய் அவள் கையால் ஒரு வேளை கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன் என்றான். விழுந்தவள் சமைத்ததைப் புனிதர் தொடலாமா என்று கேட்டார்கள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்பிராணி போட்ட அத்தனை பேரும் அவன் சொன்ன ஒரு வார்த்தையில் உள்ளே உட்கார்ந்து பாடுகிறார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் தன்னந்தனியாக முற்றத்தில் சாம்பலோடு நிற்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போனார்கள். சில பெண்கள் கோணி சரியாகக் கட்டச் சொல்லிப் போதித்தார்கள். ரொகாத்தா ஒருநாள் நின்று, “ஏன்டி முஸ்துலா, புருசன் எவ்ளோ பெரிய ஆளு. நீ கொஞ்சம் நெஞ்சுரமா இருந்திருக்கக் கூடாதா?” என்றாளாம். முஸ்துலா கோணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. அது பின்னால் வரும்.

இவனுக்கோ சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முறைபோட்டு அனுப்பினார்கள்: தேன் பணியாரம், அத்திப்பழம் திணித்த கோழி, பொரித்த மீன். மனிதன் இளைத்துக்கொண்டே போனான். அவன் இளைப்பதைக் கண்டு ஊர் மகிழ்ந்தது. ஏன் என்று கேளுங்கள்.

மஸ்கிலாத் திருவிழாவுக்கு நம்மவர்கள் போயிருந்தார்கள். எங்களுக்கும் இப்போது புனிதர் இருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, அங்கே ஒரு கிழவர் விசாரித்தாராம்: “எந்தத் தேதில செத்தாரு?” இன்னும் சாகவில்லை என்றதும் அந்தப் பந்தியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாம். உயிரோடிருப்பவர் உறுதி நின்றவர் மட்டுமே. செத்தால்தான் முழுப் புனிதர், கல்லறை இருந்தால்தான் திருவிழா. வெட்கத்தோடு திரும்பிய மூப்பர்கள் மறுநாளே ஊருக்கு வெளியே இடுகாட்டில் கல்லறை கட்ட ஆரம்பித்தார்கள்.

பாரிக்கை நிறுத்தி அளவெடுத்தார்கள். அவன் கால்மாட்டில் யார் குடும்பத்துக்கு அடக்க இடம், தலைமாட்டில் யாருக்கு என்று அடிதடி ஆனது. அவன் இருமினால் ஜன்னலுக்கு வெளியே காலடிகள் கூடின. தும்மல் மட்டுமே என்று தெரிந்தால் பெருமூச்சோடு கலைந்தன. ஆயர் ஒருநாள் தனியாக வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மிகுந்த பாசத்தோடு பேசினார்.

“மகனே, உன்ன யாரும் அவசரப்படுத்தல. கர்த்தர் குறிச்ச நேரம் கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனா சுண்ணாம்பு குழைச்சு வச்சாச்சு, அது காயுது. பாட்டுக்காரங்க வேற அறுப்புக்குப் போயிருவாங்க. நீ சும்மா மனசுல வச்சுக்க.”

பாரிக் மனதில் வைத்துக்கொண்டான். முஸ்துலாவை ஒருதரம் பார்த்துப் பேச விடுவீர்களா என்று கேட்டான். செத்த பிறகு தடையில்லை, இடுகாட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார் ஆயர்.

கல்லறை முடிந்தது. மேலே கற்பலகை, பலகையில் துளை, துளையிலிருந்து உள்ளே இறங்கும் ஈயக்குழாய். திருவிழாவன்று குழாய் வழியே திராட்சை ரசமும் கஞ்சியும் ஊற்றிச் செத்தவரோடு விருந்துண்பது நம் வழக்கம் அல்லவா. திருவிழாவைத் தவறில்லாமல் நடத்த ஒரு ஒத்திகை வேண்டும் என்றார் கிரெஸ்கென்ஸ். குழாய் அடைக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு உள்ளே ஆள் இருக்க வேண்டும். அளவு பொருந்துகிற ஆள் ஊரில் ஒருவன்தான்.

தாழிக்குள் இறங்கிப் பழகியவன் ஆகையால் பாரிக் மறுப்புச் சொல்லாமல் இறங்கிப் படுத்தான். பலகையை மூடினார்கள். குளுகுளுவென்றிருந்தது. தூக்கம்கூட வந்தது. அதற்குள் முதல் குடும்பத்தின் ரசம் நெற்றியில் விழுந்தது. அடுத்து அவரைக் கூழ். அடுத்து மீன் சாறு. ஒவ்வொரு குடும்பமும் ஊற்றிவிட்டுக் குழாயில் வாயை வைத்து வேண்டுதலைச் சொன்னது: மகனுக்குப் பெண் வேண்டும், மாமியாருக்கு நல்ல முடிவு வேண்டும், அண்டைவீட்டான் கழுதை நொண்ட வேண்டும். பாரிக் முகத்தைத் துடைத்துத் துடைத்து, சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊர் ஊற்றி முடித்து, தள்ளிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தது. இடுகாட்டுக்கு யாரும் வரலாம் என்று ஆயரே சொல்லியிருந்தார் அல்லவா. கடைசியாகக் கோணி உடுத்த ஒரு பெண் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து குனிந்தாள். குழாயிலிருந்து ஒரு மிடறு கஞ்சி அவன் உதட்டில் விழுந்தது. கொண்டைக்கடலை. கருக வறுத்த சீரகம்.

கல்லறைக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது:

“முஸ்துலா, உப்பே இல்லியே?”

பந்தியில் கவளங்கள் பாதி வழியில் நின்றன. புனிதர் பேசினார் என்று முழங்காலில் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்திருக்கப் பயந்து அப்படியே இருந்தார்கள். அதனால்தான் அந்த இருவரும் குழாய் வழியே நிம்மதியாகப் பேச முடிந்தது.

“விழுந்தவங்க உப்புப் போட்டுத் திங்கக் கூடாதாம்” என்றாள் அவள்.

“நீ ஏன்டி அன்னிக்கி சாம்பிராணி போட்ட? எங்கூடத் தாழிக்குள்ள எறங்கியிருக்கலாம்ல?”

“ரெண்டு பேருக்கு எடம் ஏது அதுல.” அவள் குழாயருகே இன்னும் குனிந்தாள். “நான் ஒண்ணு இல்லீங்க, ரெண்டு சிட்டிகை போட்டேன். புருசன் எங்கன்னு அதிகாரி கேட்டான். காய்ச்சல்னு சொல்லி உங்களுக்கும் சேத்துப் போட்டேன். இல்லேன்னா தேடி வந்து உங்களத் தாழியிலேருந்து இழுத்துட்டுப் போயிருப்பானுங்க. நீங்க வேற நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க.”

“இத ஏன் நீ ஊருக்குச் சொல்லல?”

“சொன்னா எல்லாரும் மறுபடி வெளிய நிக்கணும். ரொகாத்தாவுக்கு மூட்டுவலி வேற.”

அவள் இழுக்க, அவன் உள்ளிருந்து தள்ள, பலகை நகர்ந்தது. ரசமும் கூழும் மீன் சாறும் ஒழுக, தலைமுடியில் அவரைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்க, பாரிக் வெளியே வந்தான். முழங்காலில் இருந்த ஊரைப் பார்த்து, தன் பேரிலும் முஸ்துலா சாம்பிராணி போட்டிருக்கிறாள், தான் உறுதி நின்றவன் இல்லை, தூங்கியவன் மட்டுமே என்று சத்தமாகச் சொன்னான்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? எத்தனை பணிவு, எத்தனை பணிவு என்று அழுதது. இப்படிப்பட்ட தாழ்மை மஸ்கிலாவில் உண்டா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டது. ஆயருக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. அவனைக் கல்லறைக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

“கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நீ சொல்றது உண்மைன்னா நீ குடுத்த மன்னிப்பு ஒண்ணும் செல்லாது. மன்னிப்பு செல்லலேன்னா ஊரே வெளிய. ஊரே வெளியன்னா நான் யாருக்கு ஆயர்? கிரெஸ்கென்ஸுக்கா? அதனால நீ சொல்றது உண்மை இல்ல. இத நான் ஜெபத்துல உணர்ந்தேன்.”

“அப்ப முஸ்துலா?”

“அவ விழுந்தவதான். அதுல சந்தேகமே இல்ல, ரெண்டு சிட்டிகை போட்டிருக்கா.”

பாரிக் ஆயரின் கையை முத்தமிட்டான். பிறகு ஒரு கோணி தேடிப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் கோணி உடுத்திக்கொண்டு, தலையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, முற்றத்தில் முஸ்துலாவின் பக்கத்தில் போய் நின்றான். இடித்துக்கொண்டு உள்ளே போக வந்தவர்கள் வாசற்படியில் திகைத்து நின்றார்கள். முதலில் புரிந்துகொண்டவள் ரொகாத்தா. புனிதர் வெளியே நின்றால் உள்ளே இருப்பது எந்த இடம் என்று அவளுக்குக் கவலை பிறந்துவிட்டது. வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து அவனுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் நின்றதைக் கண்டு செக்குக்காரர் ஓடிவந்தார். பிறகு கேட்கவேண்டுமா? அன்றைக்குச் சாம்பிராணிக்கு இடித்த அதே முழங்கைகள்தான். கோணி தீர்ந்துபோனது. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி உடுத்தினார்கள். சாம்பலுக்கு அடுப்படிகளைக் காலி செய்தார்கள். முன்வரிசைக்காக மூப்பர்கள் இருவர் ஒருவர் தாடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே ஆயர் வெறும் சுவருக்குப் பாதிப் பிரசங்கம் செய்தார். பிறகு வாசலுக்கு வந்து பார்த்தார். பிறகு அப்பம் வைத்த மேசையைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இந்த முற்றம் இன்றுமுதல் கோயில் என்றும், தான் இதை வெகுநாளாக நினைத்திருந்ததாகவும் அறிவித்தார். கிரெஸ்கென்ஸ் மட்டும் பழைய கதவருகே காவல் நின்றார், விழாதவர் எவரும் தவறி உள்ளே நுழைந்துவிடாதபடி.

ஆயர் முஸ்துலாவுக்கும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். வேறு வழியில்லை, அவள்தான் கோயிலின் நடுவில் நின்றாள்.

முற்றத்துக்குக் கூரை போட வேண்டுமே, எந்தப் பக்கம் தூண், யார் பெயரில் தூண் என்று சண்டை மூண்டது. சண்டை சூடேறியதும் பாரிக் அவள் முழங்கையைத் தொட்டான். இருவரும் கூட்டத்தின் ஓரமாக நழுவி வீட்டுக்குப் போனார்கள். கையிலிருந்த சங்கிலியை அவள் கழற்றினாள். அதை உத்தரத்தில் மாட்டிக் கஞ்சிப் பானையைத் தொங்கவிட்டாள். நல்ல சங்கிலி, வெகுகாலம் உழைத்தது. அன்றைக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. அவன் சொல்லவில்லை.

பாரிக் பிறகு நிறைய வருடம் இருந்து, பல் எல்லாம் விழுந்து, வீட்டில் படுத்துச் செத்தான். முன்னே போய்விட்ட முஸ்துலாவுக்குப் பக்கத்தில், சாதாரண மண்ணில், குழாய் இல்லாமல் புதைக்கச் சொல்லியிருந்தான். அந்த இடம் இப்போது யாருக்கும் தெரியாது. நாம் வருடா வருடம் போய்ப் பாட்டுப் பாடிக் கஞ்சி ஊற்றுகிறோமே, அந்தக் கற்கல்லறை காலி. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அங்கே உள்ள எறும்புகளைப் போலக் கொழுத்த எறும்புகளை மஸ்கிலாவில் பார்க்க முடியாது. அந்தப் பெருமையாவது நமக்கு இருக்கட்டும்.

போய் வாருங்கள் கண்ணுகளா, கூடைகள் வெயிலில் கிடக்கின்றன. உங்கள் வீட்டுத் தாழியில் எண்ணெய் வற்றாமல் இருக்கட்டும். அடுப்பின்மேல் தொங்கும் சங்கிலி பானைக்கு மட்டுமே உதவட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் தூங்கும்போது, எழுப்பாமல் அவருக்கும் சேர்த்துச் சுமக்கிற ஒருவர் எப்போதும் இருக்கட்டும். அவர் என்றைக்கும் முற்றத்தில் தனியாக நிற்காதிருக்கட்டும்.